துணியில் முகம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு ஆண்டுகளாகத் துணித் துண்டுகளை வெட்டித் தைத்து மனித முகங்களைச் செய்து வருகிறேன். பிறந்தது குடியாத்தம். இப்போது வேலை செய்வது வேலூர் சத்துவாச்சாரியில், வீட்டின் முன்னறையில். படம் பார்க்க வருகிறவர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்ற குறை எனக்கு உண்டு. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, முழுப் பதிலையும் இங்கே வைத்திருக்கிறேன்.

இது ஓவியமா, தையலா? துணியின் மேல் பெயின்ட் அடித்திருக்கிறீர்களா?

பெயின்ட் ஒரு சொட்டுகூடக் கிடையாது. படத்தில் தெரியும் ஒவ்வொரு நிறமும் ஒரு துணியின் சொந்த நிறம். நெற்றி ஒரு துண்டு, கன்னத்தின் நிழல் இன்னொரு துண்டு, மூக்கின் ஓரம் மூன்றாவது. இப்படி ஒரு முகத்துக்கு அறுபது முதல் நூற்றைம்பது துண்டுகள் வரை ஆகும். அவற்றை ஓர் அடித்துணியின் மேல் அடுக்கி, தைத்து, பிறகு நூலாலேயே மெல்லிய கோடுகள் போட்டு முடிப்பேன்.

ஓவியமா தையலா என்று கேட்டால், இரண்டின் வேலையும் இதில் இருக்கிறது. கண் ஓவியருடையதாக இருக்க வேண்டும், கை தையற்காரருடையதாக இருக்க வேண்டும். அருகில் வந்து பார்த்தால் துணி தெரிய வேண்டும், நாலு அடி தள்ளி நின்றால் ஆள் தெரிய வேண்டும். துணி கண்ணுக்கே தெரியாமல் பெயின்ட் போல வழவழப்பாக முடித்தால், அதைப் பெயின்டிலேயே செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

இது வெளிநாட்டுக் கலைதானே? நம் ஊரில் இதெல்லாம் ஏது?

துணியை வெட்டி இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைத்து உருவம் கொண்டுவருவது நமக்குப் புதிதே இல்லை. தேரின் பக்கங்களில் உருளையாகத் தொங்கும் தொம்பையைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளில் யாளியும் தாமரையும் சாமியும் வெட்டி வைத்துத் தைக்கும் வேலை அது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்றும் அதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். துணியில் மூங்கில் பேனாவால் கதை எழுதும் கலம்காரிக்குப் பேர்போன காளஹஸ்தி நமக்கு இன்னும் நெருக்கம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை அது நம் வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது. அங்கே துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் பேனாவைத் தொடுவார்கள். அப்போதுதான் மை பரவாமல் கோடு கோடாக நிற்கும். துணியைத் தயார் செய்வதில் அவர்கள் காட்டும் அந்தப் பொறுமையை நான் என் மாணவிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

தனி மனிதர்களின் முகத்தை இப்படிப் பெரிதாகச் செய்யும் வழக்கத்தில் வெளிநாட்டவரிடமிருந்து நான் கற்றதும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் என்ற பெண் 1886 வாக்கில் விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டித் தைத்தார். வறுமையில் அதை ஐந்து டாலருக்கு விற்க நேர்ந்தது. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு காணாமல் போன கணவரையும் மகனையும் தேடிய பெண்கள், சாக்குத் துணியின் மேல் கந்தல்களை வைத்துத் தங்கள் கதையைத் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். இப்போது வேலை செய்பவர்களில் பீசா பட்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆளுயர உருவங்களை முழுக்க முழுக்கத் துணியாலேயே செய்கிறார். அவரும் தொடக்கத்தில் செய்தது தன் தாத்தா பாட்டியைத்தான்.

எனக்கு வரையவே தெரியாது. தையலும் பட்டன் தைக்கிற அளவுதான். நான் செய்ய முடியுமா?

முடியும். வரைவதற்குப் பதிலாகப் போட்டோவைப் பெரிதாக்கிப் படி எடுப்பதுதான் வழக்கம். தையலில் முதல் படத்துக்கு ஓட்டுத் தையல் தெரிந்தால் போதும். இதில் உண்மையாகவே தேவைப்படுவது, ஒரு நிறத்தைப் பார்த்தவுடன் அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று சொல்லும் பழக்கம். கொஞ்ச நாளில் வந்துவிடும். அதைப் பற்றித் தோல் நிறக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

என்ன துணி வாங்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். வீட்டிலுள்ள பழைய துணிப்பெட்டியைத் திறங்கள். பிறகு தெருவிலிருக்கும் தையற்கடைக்குப் போய் வெட்டுத் துண்டுகளைக் கேளுங்கள். ரவிக்கை தைக்கும் கடை என்றால் இன்னும் நல்லது, ஒரே நிறத்தில் ஏழெட்டுச் சாயல்கள் கிடைக்கும். எனக்குத் துண்டு கொடுக்கும் தையற்கார அண்ணன் அவற்றை அரிசிச் சாக்கில் போட்டு வைப்பார். மாதம் ஒரு சாக்கு. மிச்சம் ஏதாவது தேவைப்பட்டால் லாங் பஜாரில் ரவிக்கைத் துணி விற்கும் கடைகளில் கால் மீட்டர் கேட்டு வாங்குவேன்.

வகை என்று பார்த்தால் பருத்திதான் தொடங்குவதற்கு ஏற்றது. வெட்டினால் நிற்கும், இஸ்திரிக்குப் பணியும். பாலியஸ்டர் வழுக்கும், சூடு அதிகமானால் சுருண்டுவிடும். குடியாத்தம் லுங்கியை நான் சொந்த ஊர்ப் பாசத்தில் மட்டும் சொல்லவில்லை. கட்டம் போட்ட துணியில் ஒரே துண்டுக்குள் இரண்டு மூன்று நிறங்கள் கலந்து கிடக்கும். நீளவாக்கில் போகும் பாவில் ஒரு நிறம், குறுக்கே போகும் ஊடையில் ஒரு நிறம் ஓடி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கும். கன்னத்தின் நிழலுக்கு அதுபோல ஒரு நிறத்தைக் கடையில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. புது லுங்கி என்றால் கஞ்சி போகும்படி நன்றாக அலசிவிடுங்கள், கஞ்சியோடு ஒட்டினால் பிடிக்காது.

எந்தத் துணியானாலும் முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். சாயம் இறங்குமா என்று பார்க்க, ஈரத் துண்டின் மேல் வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணி வேண்டாம். உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்கிறார்கள். சாயம் போடும்போது நூலில் ஏறுவதற்கு உப்பு உதவும், அது உண்மை. ஏற்கெனவே சரியாகப் பிடிக்காத சாயத்தைப் பிறகு உப்பு போட்டு நிறுத்த முடியாது.

முகத்துக்குத் தோல் நிறத் துணி எங்கேயும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்பது இந்தக் கேள்விதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். தோல் நிறத் துணி வேண்டவே வேண்டாம்.

நாம் ஒரு முகத்தை அடையாளம் கண்டுகொள்வது நிறத்தை வைத்து அல்ல. கறுப்பு வெள்ளைப் போட்டோவில் தாத்தாவைத் தெரியவில்லையா? எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே நிழல் தங்குகிறது என்பதைத்தான் கண் படிக்கிறது. ஆகவே நெற்றிக்கு இளமஞ்சள், கன்னத்துக்கு ஆரஞ்சு, தாடைக்கு ஊதா, கழுத்துக்குக் கருநீலம் என்று வைத்தாலும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் வரிசை சரியாக இருந்தால் முகம் வந்துவிடும். மேலே சொன்ன பீசா பட்லரின் படங்களில் மனிதர்களின் முகம் நீலத்திலும் ஊதாவிலும் சிவப்பிலும் இருக்கும், ஆனாலும் உயிரோடு நம்மைப் பார்க்கும். எங்கள் பக்கத்தில் கறுப்புத் தோலைக் காட்டுவதற்குக் கூச்சப்பட்டு, முகத்தை வெளிறிப்போன பிஸ்கட் நிறத்தில் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கருநீலமும் அரக்கும் கத்தரிப்பூ நிறமும் வைத்த ஒரு முகத்தைக் காட்டுவேன். கறுப்புக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று அப்போதுதான் பார்ப்பார்கள்.

வரிசை சரியா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பி செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரிந்தாலும், படத்தில் ஒரே சாம்பலாக வந்தால் இரண்டும் ஒரே படிதான். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூக்கு காணாமல் போய்விடும்.

என் அப்பா லுங்கி நெய்தவர். அவர் காலமான பிறகு அவர் முகத்தை அவருடைய லுங்கியிலேயே செய்தேன். பச்சையும் மெரூனும் கலந்த கட்டம். இடுப்பில் சொருகிச் சொருகி ஒரு சாண் அகலத்துக்குத் துணி வெளுத்துப் போயிருந்தது. கட்டம் இருக்கிறது, ஆனால் நிறம் மட்டும் மூன்று படி இறங்கியிருந்தது. அந்த வெளுத்த பட்டையை வெட்டி நெற்றியில் வைத்தேன். வெயில் விழுந்த நெற்றி அப்படியே வந்துவிட்டது. எந்தக் கடையில் எத்தனை பணம் கொடுத்தாலும் அந்த ஒரு துண்டு எனக்குக் கிடைத்திருக்காது.

எப்படிப்பட்ட போட்டோ கொடுக்க வேண்டும்?

ஆதார் அட்டைப் படமும் பாஸ்போர்ட் படமும் ஆகாது. நேருக்கு நேர் வெளிச்சம் அடித்து எடுத்ததால் அவற்றில் நிழலே இருக்காது, முகம் தட்டையாகக் கிடக்கும். ஜன்னல் ஓரத்தில், காலையிலோ மாலையிலோ, ஒரு பக்கம் வெளிச்சம் விழும்படி எடுத்த படம் சிறந்தது. பழைய ஸ்டுடியோப் படங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் விளக்கைப் பக்கவாட்டில் வைக்கத் தெரிந்தவர்கள். முகம் உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியதாக இருக்கும் கூட்டப் படத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். பெரிதாக்கினால் கண் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிதான் இருக்கும்.

முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்கிறீர்கள்?

போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதை ஐந்து அல்லது ஆறு படிகளாகப் பிரிப்பேன். மிக வெளிச்சம், வெளிச்சம், நடுத்தரம், நிழல், கடும் நிழல், இருட்டு. செல்போனிலேயே இதற்கு வசதி இருக்கிறது. கையால் செய்வதென்றால் போட்டோவின் மேல் டிரேசிங் காகிதம் வைத்து, ஒவ்வொரு படியின் எல்லையையும் பென்சிலால் சுற்றலாம். நிலப்படத்தில் மாவட்ட எல்லை வரைவதைப் போலத்தான் இருக்கும். எல்லைக்கு உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். எண் கொடுக்காமல் வெட்டிவிட்டு, கைவிரல் அளவுள்ள நாற்பது துண்டுகளில் எது இமை, எது உதட்டோரம் என்று இரவு முழுவதும் தேடியவள் நான்.

அதன்பின் ஒட்டுவலை. இரண்டு பக்கமும் ஒட்டக்கூடிய மெல்லிய பசை வலை இது, ஒரு பக்கம் காகிதம் இருக்கும். காகிதத்தில் வடிவத்தை வரைந்து, துணியின் பின்பக்கம் வைத்து இஸ்திரி போட்டு, கோட்டோடு வெட்டி, காகிதத்தை உரித்து, அடித்துணியில் வைத்து மறுபடி இஸ்திரி போட வேண்டும். பெட்டியை இழுக்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். இழுத்தால் கன்னம் நகர்ந்து காதுக்குப் போய்விடும். பின்னால் இருப்பதை முதலில் வையுங்கள். கழுத்து, காது, பிறகு முகம், கடைசியில் முடி. கீழே போகும் துண்டுக்கு அரை விரல் அளவு கூடுதலாக விட்டு வெட்டினால் இடையில் சந்து தெரியாது.

எல்லாம் ஒட்டியபின் அடியில் பருத்திப் பஞ்சு விரிப்பும் ஓர் உள்துணியும் சேர்த்துத் தைப்பேன். இந்தத் தையல்தான் முகத்துக்குச் சதை கொடுக்கிறது. நெற்றியில் சுருக்கம் ஓடும் திசையில், கன்னத்தில் வளைவாக, முடியில் முடி போகும் போக்கில் நூல் ஓட வேண்டும்.

படத்தை முடித்த பிறகு பார்த்தால் முகம் வலது இடமாக மாறியிருக்கிறது. என்ன தப்பு நடந்தது?

மேலே சொன்ன முறையில் காகிதத்தில் வரைந்து துணியின் பின்பக்கம் ஒட்டுகிறோம் அல்லவா? முன்பக்கம் திருப்பும்போது வடிவம் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திரும்பிவிடும். ஆகவே வரைவதற்கு முன்பே போட்டோவைத் திருப்பிப் படி எடுக்க வேண்டும்.

முகம்தானே, திரும்பினால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பாட்டியின் படத்தில் எனக்கே இது நடந்தது. வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடது பக்கம் போய்விட்டது, முந்தானை வலது தோளில் ஏறிவிட்டது. படத்தைப் பிரித்தவுடன் அந்த வீட்டின் எட்டு வயதுப் பேத்தி, “இது பாட்டியோட தங்கச்சியா?” என்று கேட்டாள். முழுவதையும் மறுபடி செய்து கொடுத்தேன்.

தைக்காமல் பசை போட்டு ஒட்டினால் போதாதா?

குழந்தைகளின் பள்ளிக்கூட வேலைக்குப் போதும். சுவரில் பல ஆண்டுகள் இருக்க வேண்டிய படத்துக்குப் போதாது. மரவேலைப் பசை துணிக்குள் ஊறி முன்பக்கம் கறையாகத் தெரியும். காய்ந்ததும் துணி அட்டை போல விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கும். ஒட்டுவலைகூடத் தற்காலிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தையல் முடியும்வரை துண்டு நகராமல் பிடித்திருப்பதுதான் அதன் வேலை.

வெட்டிய ஓரம் பிரிந்து நூல் நூலாக வருகிறதே?

பாவும் ஊடையும் நேராக ஓடும் திசையில் வெட்டினால் பிரியும். கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டினால் அவ்வளவு பிரியாது. முகத்தின் வளைவுகள் பெரும்பாலும் கிராஸில்தான் விழும் என்பதால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்கு ஓரத்தின் மேல் நெருக்கமாகத் தையல் ஓட்டலாம், அல்லது தேர்ச்சீலை தைப்பவர்களைப் போல ஓரத்தை உள்ளே மடித்துக் கைத்தையல் போடலாம். இரண்டாவது அழகு, நேரம் மூன்று மடங்கு ஆகும். கொஞ்சம் பிரிந்து நிற்பதை நான் சில இடங்களில் வேண்டுமென்றே விடுவதுண்டு. நரைத்த புருவத்துக்கும் தாடிக்கும் அது பொருத்தமாக இருக்கும்.

என்னிடம் அம்மாவின் பழைய கால்மிதி மெஷின்தான் இருக்கிறது. மோட்டார் மெஷின் வாங்க வேண்டுமா?

வேண்டாம். நான் முதல் ஆறு ஆண்டுகள் கால்மிதியில்தான் செய்தேன். நூலால் வரைவதற்குத் துணியை நம் கை நினைத்த பக்கம் நகர்த்த வேண்டும். அதற்குத் துணியை அமுக்கும் காலைக் கழற்றிவிட்டு, அடியில் துணியைத் தள்ளும் பற்களை இறக்க வேண்டும். பழைய மெஷினில் இறங்காது என்றால் அதன்மேல் மெல்லிய தகடு வைத்து மறைக்கலாம். துணியை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கிக்கொள்ளுங்கள். மெஷின் எம்பிராய்டரி தெரிந்த அக்கா யாராவது பக்கத்துத் தெருவில் இருந்தால் ஒரு மத்தியான நேரம் கூடவே உட்கார்ந்து பாருங்கள், பத்து வீடியோவுக்குச் சமம். ஒட்டுவலை போட்ட துணிக்கு 14-ஆம் நம்பர் ஊசி சரியாக இருக்கும். ஊசியில் பசை ஒட்டி நூல் அறுந்தால் மாற்றிவிடுங்கள்.

தைத்த பிறகு முகம் முழுக்கச் சுருக்கம் விழுந்து துணி இழுக்கிறது. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்று. துணியை முன்பே நனைக்கவில்லை, வளையத்தில் இறுக்கவில்லை, அல்லது ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கிவிட்டீர்கள். மூக்கிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறிவிடும்.

அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவை இருக்கிறது. அதை வெட்டலாமா?

இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. புடவையைக் கொண்டுவரச் சொல்லி, இருவரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்போம். உடுத்தக்கூடிய நிலையில் இருந்தால் உடுத்துங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தால் வெட்டலாம். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஆரணிப் பட்டுதான் இருக்கும். அசல் ஜரிகை என்றால் உள்ளே வெள்ளி இழை. அதற்காகவே பழைய பட்டு வாங்குகிறோம் என்று பலகை வைத்தவர்கள் எடை போட்டு வாங்கி, எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே போய்ச் சேருவதற்கு முன் முகமாக மாறட்டும் என்பது என் கட்சி.

நொறுங்கும் பட்டைத் தனியாக வெட்டவே முடியாது. பின்பக்கம் மெல்லிய ஒட்டும் கேன்வாஸை வைத்து, பெட்டியை மிதமான சூட்டில், நடுவில் ஒரு பருத்தித் துணி போட்டு அழுத்திய பிறகே கத்தரியை எடுக்க வேண்டும். கறுத்துப்போன ஜரிகையைப் பளபளப்பாக்க முயல வேண்டாம். அந்தக் கறுப்பு புருவத்துக்கும் கொண்டையின் நிழலுக்கும் அருமையாக வரும். முழுப்புடவையையும் வெட்டவும் வேண்டாம், ஒரு முகத்துக்கு முந்தானையிலிருந்து ஒரு முழம் போதும்.

இறந்தவர்களின் உடையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்கிறார்களே? அதில் படம் செய்து மாட்டலாமா?

சில வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்தோடு உடைகளைக் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த நம்பிக்கை உள்ளவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வேறு துணியில் செய்து கொடுப்பேன். கண்ணின் கருமணிக்கு மட்டும் அவர் சட்டையின் ஒரு நூலை வைக்கட்டுமா என்று கேட்பேன். பலர் சரி என்பார்கள்.

என் வீட்டில் அப்பாவின் லுங்கியைக் கொடுத்துவிடச் சொன்ன பெரியவர்களும் உண்டு. அந்தத் துணியை நெய்தவரே அவர்தான் என்று அம்மா சொன்னதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

சாமி படத்தைப் பழைய துணியில் செய்யலாமா?

பூஜை அறைக்கு என்றால் நான் புதுத்துணியில்தான் செய்வேன், கேட்பவர்களின் மனம் அப்படித்தான் விரும்பும். கூடத்தில் மாட்டுவதற்கு என்றால் உங்கள் விருப்பம்.

துவைக்கலாமா? பூச்சி அரிக்காதா? எத்தனை வருடம் இருக்கும்?

துவைக்கக் கூடாது. மாதம் ஒரு முறை மெல்லிய வலைத்துணியை மேலே விரித்து, அதன் மேல் தூசி உறிஞ்சும் கருவியைக் குறைந்த வேகத்தில் வைத்து எடுங்கள். கருவி இல்லையென்றால் காய்ந்த மென்மையான பிரஷ் போதும். வேலூர் வெயில்தான் முதல் எதிரி. நேர்வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளுத்துவிடும், பிறகு முகத்தின் வெளிச்ச வரிசையே குலைந்துபோகும். கண்ணாடி போட்டால் துணி கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். தொட்டால் மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

எடுத்து வைப்பதானால் மடிக்காதீர்கள், படம் வெளிப்பக்கம் இருக்கும்படி குழலில் சுருட்டுங்கள். கஞ்சி போட்ட துணியை இராமபாணப் பூச்சி தேடி வரும், நான் கஞ்சியைப் போக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பாச்சை உருண்டை துணியைத் தொடக் கூடாது. நல்ல பருத்தி, நல்ல நூல், நிழலான சுவர் கிடைத்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கும்.

ஒரு படத்துக்கு இவ்வளவு விலையா? வெறும் கந்தல்தானே?

ஒன்றரை அடிக்கு இரண்டு அடி உள்ள ஒரு முகத்துக்கு எனக்கு நாற்பது மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. ஒரு நல்ல தையற்காரருக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி கொடுப்பீர்களோ அதே கணக்கில்தான் நான் விலை சொல்கிறேன். அதோடு ஒட்டுவலை, நூல், சட்டம் ஆகியவற்றின் செலவு. துணிக்குக் காசு வாங்குவதில்லை. கைவேலை செய்கிற பெண்கள் வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதாக நினைத்து விலை பேசும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்: தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். விலை சொல்லும்போது குரல் இறங்காமல் இருக்க அந்த நோட்டு உதவும்.

யார் எடுத்த போட்டோவையும் வைத்துச் செய்யலாமா? இணையத்தில் கிடைத்த படம் என்றால்?

இணையத்தில் கிடைப்பதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒரு போட்டோவுக்கு, அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. துணியில் செய்தாலும் அது அந்தப் போட்டோவிலிருந்து பிறந்ததுதான். நீங்கள் பணம் கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுடையது. குடும்பப் படங்களில் சிக்கல் வராததற்கு இதுதான் காரணம். தலைவர்கள், நடிகர்கள் படம் கேட்டு வருகிறவர்களிடம், நீங்களே எடுத்த படம் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் எடுத்தவரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்பேன்.

இப்போது போட்டோவை அப்படியே துணியில் அச்சடித்துத் தருகிறார்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரியும் இருக்கிறது. பிறகு இது எதற்கு?

சீக்கிரமாகவும் மலிவாகவும் வேண்டும் என்றால் அச்சடித்ததை வாங்குங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் அச்சு எந்தத் துணியில் வேண்டுமானாலும் விழும். வெள்ளைத் துணி அங்கே வெறும் காகிதம். நான் செய்யும் படத்தில் ஒவ்வொரு துண்டும் வேறு எங்கோ ஒரு வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறது. தறியில் நின்றிருக்கிறது, இடுப்பில் இருந்திருக்கிறது, தொட்டிலாகத் தொங்கியிருக்கிறது. பள்ளிகொண்டாவிலிருந்து வந்த ஒருவர் தன் பாட்டியின் படத்தைத் தூளிச் சேலையில் செய்யச் சொன்னார். அவரும் அவர் தம்பிகளும் அதில்தான் தூங்கினார்களாம். முடிச்சுப் போட்ட இடத்தில் சேலை நிரந்தரமாகக் கசங்கியிருந்தது, எத்தனை இஸ்திரி போட்டும் போகவில்லை. அதைக் கண்ணுக்குக் கீழே வைத்தேன்.

எல்லாம் சொன்னபடி செய்தேன். ஆனால் அது என் அம்மா மாதிரி இல்லை. எங்கே தப்பு?

முதலில் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள், போட்டோவையும் அப்படியே. முகம் என்ற நினைப்பு போய், வெறும் வடிவங்களாகத் தெரியும். இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள தூரம், மூக்கின் நுனிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள தூரம், இந்த இரண்டையும் நூலால் அளந்து பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து கருமணியில் வைத்த வெள்ளைப் புள்ளி. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பார்வை கலைந்துபோகும். பற்களை ஒவ்வொன்றாக வெட்டியிருந்தால் எடுத்துவிட்டு ஒரே துண்டாக வையுங்கள்.

அதன்பிறகும் சரியாகவில்லை என்றால், அவரோடு வாழ்ந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அளவுகோலுக்கு அகப்படாதது அவர்களுக்குத் தெரியும். அப்பாவின் படத்தில் எல்லா அளவும் சரியாக இருந்தது, லுங்கியும் அவருடையதே, நெற்றியில் அந்த வெளிச்சமும் விழுந்திருந்தது, ஆனாலும் யாரோ போல இருந்தார். அம்மா கிட்டே வந்து பார்த்தார். “அப்பா இப்படி முழிக்க மாட்டார். தறியில் அறுந்த இழையைப் பார்க்கிற மாதிரிதான் எல்லாரையும் பார்ப்பார்” என்றார். மேல் இமைகள் இரண்டையும் பிரித்து, ஒரு நூல் அளவு கீழே இறக்கித் தைத்தேன். அம்மா மறுபடி வந்து பார்த்துவிட்டு, முந்தானை நுனியால் படத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பிசிறைத் தட்டிவிட்டார்.